காரணி தெரியாத பகு எண்

10,48,576 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, கிடைப்பதோடு 1-ஐக் கூட்டினால் 3,15,653 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வரும். அது 674114 என்று தொடங்கி 37 என்று முடியும். பக்கத்துக்கு 3,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் நூறு பக்கங்களுக்குச் சற்று மேல் போகும். இது பகா எண் அல்ல, பகு எண்தான் என்பது 1987இலேயே உறுதியாகிவிட்டது. அப்படியானால் எதனால் வகுபடும் என்று கேட்டால் பதில் இல்லை. அதன் காரணிகளில் ஒன்றைக்கூட இன்றுவரை எவரும் கண்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் கற்ற கணக்குக்கு இது முரணாகத் தோன்றும். 91 ஏன் பகு எண்? 7ஐயும் 13ஐயும் பெருக்கினால் வருவதால். அங்கே காரணியைக் காட்டுவதுதான் நிரூபணம். ‘இது உடையும், ஆனால் எங்கே உடையும் என்று தெரியாது’ என்று ஒரு மாணவன் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் எண்கள் பெரிதாகப் பெரிதாக, உடையும் என்று அறிவதும் உடைத்துப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகளாகப் பிரிந்துவிடுகின்றன. முதலாவது ஓரளவு எளிது. இரண்டாவது பல சமயம் நம்பிக்கையே தராத அளவுக்குக் கடினம். இந்தப் பிரிவை மேலே சொன்ன எண்ணைப்போல் அப்பட்டமாகக் காட்டுபவை மிகச் சில.

அதன் பெயர் 20ஆம் ஃபெர்மா எண். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் வரிசை இது: 3, 5, 17, 257, 65537. எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் 3 என்பது பூஜ்ஜியமாவது ஃபெர்மா எண், 65537 நான்காவது. இந்த ஐந்தும் பகா எண்கள். 1640இல் பியேர் டி ஃபெர்மா, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று தன் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஐந்தாவது எண் 4294967297. அதை அவரால் உடைக்க முடியவில்லை.

1732இல் ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417. அவர் கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்கவில்லை. ஐந்தாம் ஃபெர்மா எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும் என்று முதலில் கண்டுகொண்டார். அந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடும். 1878இல் லூக்கா இதை இன்னும் கூர்மையாக்கி, 64க்குப் பதில் 128 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் முதலில் வருவது 257, அடுத்தது 641.

641ஆல் வகுபடும் என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காணும் வழி ஒன்று உண்டு. எண் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நான்கு வரிகளில் இது ஒன்று என்பதால் இங்கே சொல்லாமல் கடக்க மனமில்லை. 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 என்பது 5⁴ + 2⁴ என்றும் ஆகும். முதல் வடிவத்தின்படி, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 (ஒன்று குறைகிறது என்பதை இப்படி எழுதுவது வசதி). இருபுறமும் நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவது வடிவத்தின்படி 5⁴இன் மீதி −2⁴. அதை உள்ளே வைத்தால் −2³²இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. முடிந்தது.

ஆறாவதற்கு வருவோம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைத்துக்கொண்டு போகும் பழைய கதையை அறியாதவர் இருக்க மாட்டார்கள். 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 மணிகள். அதோடு இரண்டே இரண்டு மணிகளைச் சேர்த்தால் ஆறாம் ஃபெர்மா எண் வந்துவிடும். இந்த இரண்டு மணி வித்தியாசம் பெரிய வித்தியாசம். கதையில் வரும் எண் 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417 என்று சுலபமாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டைக் கூட்டிய எண்ணோ 274177 × 67280421310721. அதைப் பிரித்து 1880இல் வெளியிட்டவர் ஃபார்ச்சூனே லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது அவருக்கு வயது 82. அவருக்கு முன்பே, 1855இல், தாமஸ் கிளவுசன் இதே பிரிப்பைக் காஸுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருந்தார்.

நெல்மணி எண் எளிதில் பிரிந்தது தற்செயல் அல்ல. எந்த ஃபெர்மா எண்ணிலிருந்தும் 2-ஐக் கழித்தால், அதற்கு முன்னுள்ள எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் கிடைக்கும். 17 − 2 = 3 × 5. 257 − 2 = 3 × 5 × 17. இதிலிருந்து உடனே ஒன்று விளங்குகிறது: இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் ஒற்றைப்படை எண்கள். ஆகவே எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. 1730இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலேயே இந்தச் செய்தி இருக்கிறது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கென்று புதிய பகா எண் ஒன்றையாவது கொண்டுவருவதால், பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கும் இது ஒரு நிரூபணம்.

இப்போது நம் 20ஆம் எண்ணின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது வெறும் இரண்டுகளின் பெருக்கம், அதன் காரணிகளில் மறைவு எதுவும் இல்லை. இரண்டைக் கழித்தால் முந்தைய இருபது ஃபெர்மா எண்களின் பெருக்கம். அந்த இருபதில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு பகாக் காரணி தெரியும் என்பதால் அங்கும் இருபது வெவ்வேறு பகாக் காரணிகள் கைவசம் உண்டு. இத்தனை வெளிச்சமான அண்டைவீட்டார் நடுவில் இது மட்டும் வாய் திறக்காமல் இருக்கிறது.

வாய் திறக்காத ஒன்றைப் பகு எண் என்று எப்படி முடிவு செய்தார்கள்? ஃபெர்மாவின் இன்னொரு தேற்றம்தான் இதற்கு அடிப்படை. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதால் வகுபடாத எந்த எண்ணையும் எடுத்து, பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். வரவில்லையென்றால் அது பகா எண் அல்ல. இங்கே காரணியைத் தேடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகா எண்ணிடம் இருந்தாக வேண்டிய ஒரு குணம் இதனிடம் இல்லை என்று காட்டினால் போதும்.

இந்தச் சோதனைக்கு 2-ஐப் பயன்படுத்தினால் ஃபெர்மா எண்கள் அனைத்தும் ஏமாற்றிவிடும். 20ஆம் எண்ணை எடுத்துக்கொண்டால், 2-இன் 10,48,576ஆம் அடுக்கு அதைவிட ஒன்று குறைவு, அதாவது மீதி −1. அதை ஒருமுறை வர்க்கப்படுத்தினால் மீதி 1. அதற்குப் பிறகு எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 1 மாறாது. ஆகவே சோதனை கேட்கும் பிரம்மாண்டமான அடுக்கிலும் மீதி 1தான். கணக்கே போடாமல் தேர்ச்சி! ஐந்தாம் எண்ணும் இதே விதமாகத் தேறிவிடும், அது 641ஆல் வகுபட்டாலும்கூட. இப்படித் தேறும் பகு எண்களைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். ஃபெர்மா தன் ஊகத்தை அவ்வளவு உறுதியாக நம்பியதற்கு இந்த மாறுவேடமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

2 ஏமாறும் இடத்தில் 3 ஏமாறாது. 1877இல் பெப்பன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வகுத்த சோதனையின் இன்றைய வடிவம் இதுதான்: 3-ஐ எடுத்து, திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் ஃபெர்மா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண் பகா எண்ணாக இருந்தால், குறிப்பிட்ட கடைசிப் படியில் மீதி சரியாக −1 வரவேண்டும். வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இரண்டு பக்கமும் சந்தேகத்துக்கு இடமில்லை.

257ஐ வைத்துப் பார்க்கலாம். அது 2⁸ + 1, ஆகவே 8க்கு ஒன்று குறைவாக ஏழு முறை வர்க்கப்படுத்த வேண்டும். 3இலிருந்து 9, 81, 136, 249, 64, 241, 256. கடைசியாக வந்த 256 என்பது 257க்கு ஒன்று குறைவு, அதாவது −1. ஆகவே 257 பகா எண். இதையே ஐந்தாம் எண்ணுக்குச் செய்தால் 31 முறை வர்க்கப்படுத்திய பிறகு 4294967296 வரவேண்டிய இடத்தில் 10324303 வந்து நிற்கும். ஆகவே பகு எண். இங்கே 641 எங்கும் தலைகாட்டவில்லை. 10324303 என்ற மீதியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதிலிருந்து 641ஐ எடுக்க முடியாது.

இது ஏன் வேலை செய்கிறது? −1 வந்துவிட்டால், அந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியை எடுத்துக்கொண்டாலும், 3இன் அடுக்குகள் மீதி 1க்குத் திரும்பிவர எடுக்கும் சுற்றின் நீளம் ஃபெர்மா எண்ணைவிட ஒன்று மட்டுமே குறைவாக இருந்தாக வேண்டும். அவ்வளவு நீளமான சுற்று சின்னக் காரணிக்குள் அடங்காது. ஆகவே காரணி என்பது அந்த எண்ணேதான். மறுபக்கத்துக்கு, அதாவது பகா எண்ணாக இருந்தால் −1 வந்தே தீரும் என்பதற்கு, காஸின் வர்க்கத் தலைகீழ் விதி துணை நிற்கிறது. ‘ஒன்றைக் கழித்தால் வெறும் இரண்டுகள்’ என்ற குணம் இல்லாவிட்டால் இந்தச் சோதனை இவ்வளவு சுத்தமாக அமைந்திருக்காது. சாதாரணப் பெரிய எண்ணுக்கு இந்த வசதி கிடையாது. எந்த எண்ணாக இருந்தாலும் பகா எண்ணா இல்லையா என்று நியாயமான வேகத்தில் உறுதியாகச் சொல்லிவிட முடியும் என்பதையே 2002இல்தான் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் நிரூபித்தார்கள். அந்த வழியும் காரணியைத் தருவதில்லை.

20ஆம் எண்ணுக்குப் பெப்பன் சோதனை கேட்பது 10,48,575 வர்க்கங்கள். ஒவ்வொன்றும் மூன்று லட்சம் இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் வர்க்கம். வகுத்தல் மட்டும் இலவசம் என்று சொல்லலாம்: கணினிக்குள் எண்கள் இரண்டின் அடுக்குகளாக இருப்பதால், பெருக்கி வந்ததைச் சரிபாதியாக வெட்டி, கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதியைக் கழித்தால் மீதி கிடைத்துவிடும். பெருக்கல்தான் பிரச்சினை. பள்ளியில் கற்ற முறையில் பெருக்கினால் ஒரு வர்க்கத்துக்கே பல ஆயிரம் கோடி சிறு பெருக்கல்கள் வேண்டும். வேகமான ஃபூரியர் மாற்றத்தைக் கொண்டு பெருக்கும் உத்தி வந்த பிறகுதான் இது நடக்கக்கூடிய காரியமானது. அந்த வகையில் 1971இல் ஷோன்ஹாகேயும் ஸ்ட்ராசனும் தந்த புகழ்பெற்ற பெருக்கல் முறை, உள்ளுக்குள் ஃபெர்மா எண்களைக் கொண்டே வகுத்து மீதி காண்கிறது என்பது வேடிக்கை. கிரே-2 மீக்கணினியில் ஜெஃப் யங், டங்கன் பியூல் இருவரும் 1987இல் 20ஆம் எண்ணின் சோதனையை முடித்தார்கள். −1 வரவில்லை.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. −1 வந்திருந்தால் அது தற்செயலாக வந்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தவறான கணக்கு இத்தனை பெரிய எண்ணின் மீதிகளில் சரியாக −1இல் போய் விழ வாய்ப்பே இல்லை. ஆனால் −1 வராமல் போவதற்கு எண் பகு எண்ணாக இருக்க வேண்டியதில்லை. பத்து லட்சம் வர்க்கங்களில் எங்கோ ஓர் இடத்தில் ஒரே ஒரு பிட் புரண்டிருந்தாலும் போதும். அதாவது, ‘பகு எண்’ என்ற தீர்ப்பும் ‘கணினி தவறிவிட்டது’ என்ற விபத்தும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். காரணியைக் காட்ட முடிந்தால் இந்தச் சந்தேகம் எழாது. காரணி இல்லாத இடத்தில் ஒரே வழி, வேறொருவர் வேறொரு நிரலை எழுதி, முதலிலிருந்து செய்து, அதே கடைசி மீதியை அடைவதுதான்.

அதைத்தான் செய்தார்கள். ரிச்சர்ட் கிராண்டலும் அவரோடு டோனியாஸ், நாரி, யங் ஆகியோரும் 22ஆம் ஃபெர்மா எண்ணைச் சோதித்து 1993இல் அதைப் பகு எண் என்று காட்டியபோது, 20ஆம் எண்ணின் கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மீதிகள் பழையவற்றோடு ஒத்துப்போயின. 22ஆம் எண்ணையும் அதே காலத்தில் டிரெவிசான், கர்வாலோ என்ற இருவர் பிரேசிலில் தனியாகச் சோதித்து அதே முடிவை எட்டியிருந்தார்கள். 1999இல் கிராண்டல், எர்ன்ஸ்ட் மேயர், ஜேசன் பாபடோபுலோஸ் ஆகியோர் 50,50,446 இலக்கங்கள் கொண்ட 24ஆம் எண்ணை எடுத்தபோது இன்னும் எச்சரிக்கையாக நடந்துகொண்டார்கள். தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு நிரல்கள், வெவ்வேறு இடங்களில் இருந்த இரண்டு கணினிகளில் ஓடின. இரண்டும் 1,67,77,215 வர்க்கங்களுக்குப் பிறகு ஒரே மீதியைத் தந்தன. அது போதாதென்று, நடுவழியில் சேமித்துவைத்த மீதிகளைத் துண்டு துண்டாகப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து, முழு எண்களை மட்டுமே பயன்படுத்தும் மூன்றாவது நிரலைக் கொண்டு ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தார்கள். இத்தனையும் ‘ஆம், இல்லை’ என்ற ஒற்றை விடைக்காக. வீண் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். நிரூபணம் என்றால் என்ன என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

சரி, கண்ணால் பார்க்காத காரணிகளைப் பற்றி நமக்கு என்னதான் தெரியும்? நினைப்பதைவிட நிறையவே தெரியும். லூக்காவின் விதிப்படி 20ஆம் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் 2²²ஆல், அதாவது 41,94,304ஆல் வகுத்தால் மீதி 1 தரும். அவற்றில் மிகச் சிறியது 1,57,827 இலக்கங்களுக்கு மேல் போகாது. மற்ற ஃபெர்மா எண்களின் காரணிகள் எதுவும் இதற்குப் பொருந்தாது, ஆகவே அந்தப் பட்டியலைப் புரட்டுவதில் பயனில்லை. ஒரே பகா எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி இது வந்திருக்கவும் முடியாது: இது ஒரு வர்க்க எண்ணைவிட ஒன்று அதிகம், அப்படிப்பட்ட எண் வேறெந்த அடுக்காகவும் அமையாது என்று 1850இலேயே விக்டர் அமடே லெபெக் நிரூபித்துவிட்டார். ஆகவே குறைந்தது இரண்டு வெவ்வேறு பகாக் காரணிகள் உறுதி. ஒரு பகாக் காரணியின் வர்க்கமும் இதை வகுக்குமா? வகுத்தால் அந்தக் காரணி வீஃபெரிக் பகா எண் என்ற அபூர்வ இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அந்த இனத்தில் இதுவரை கண்டறியப்பட்டவை 1093, 3511 என்ற இரண்டே இரண்டு, இரண்டுமே லூக்காவின் விதிக்குப் பொருந்தாதவை.

இவற்றில் மிகச் சுவையானது வர்க்கங்களின் கூட்டல். ஃபெர்மா எண் எதுவாயினும், 3 நீங்கலாக, ஒரு பெரிய எண்ணின் வர்க்கமும் 1-இன் வர்க்கமும் சேர்ந்தது என்பது பார்த்தவுடனே தெரியும். பகா எண்ணாக இருந்தால் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத அந்த ஒரு வழிதான் உண்டு. 20ஆம் எண்ணுக்கு இரண்டு வெவ்வேறு பகாக் காரணிகளாவது இருப்பதால், அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத இன்னொரு வழி கட்டாயம் இருந்தாக வேண்டும். அந்த வழி இருக்கிறது என்பது நிரூபணமான உண்மை, ஆனால் அந்த இரண்டு வர்க்கங்கள் எவை என்பதை எவரும் கண்டதில்லை. கண்டுவிட்டால் காரணி தானாகக் கழன்று விழும். ஐந்தாம் எண்ணில் அதைச் செய்து பார்க்கலாம். 65536² + 1² என்பது ஒரு வழி, 62264² + 20449² என்பது இன்னொரு வழி. 65536க்கும் 62264க்கும் வித்தியாசம் 3272. 20449க்கும் 1க்கும் வித்தியாசம் 20448. இவ்விரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 8. அதேபோல் கூட்டினால் வருபவை 127800, 20450. அவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. இப்போது 4² + 25² = 641.

வடிவியலிலும் ஒரு செய்தி உண்டு. 1796இல் பதினெட்டு வயது காஸ் ஒழுங்குப் பதினேழு கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று காட்டினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமென்றால், அந்த எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருந்தாக வேண்டும் என்பதை 1837இல் வான்செல் முடித்துவைத்தார். ஆகவே 20ஆம் ஃபெர்மா எண் அளவுக்குப் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைய முடியாது என்று ஒரு காரணிகூடத் தெரியாமலே அடித்துச் சொல்லலாம். வரையப்போவது யார் என்பது வேறு கேள்வி.

பகு எண் என்று தெரிவதற்கும் காரணி கிடைப்பதற்கும் இடையிலான காத்திருப்பு ஃபெர்மா எண்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஏழாம் எண்ணுக்கு 39 இலக்கங்கள். 1905இல் மோர்ஹெட், வெஸ்டர்ன் இருவரும் தனித்தனியே கையாலேயே 127 வர்க்கங்களையும் போட்டு அது பகு எண் என்றார்கள். 59649589127497217 × 5704689200685129054721 என்று அதை உடைக்க 1970 வரை ஆனது. உடைத்தவர்கள் மாரிசன், பிரில்ஹார்ட். எட்டாம் எண் 1909இல் மோர்ஹெட்டும் வெஸ்டர்னும் சேர்ந்து போட்ட 255 வர்க்கங்களில் பகு எண்ணாகி, 1980இல் பிரெண்ட், பொல்லார்டு கையில் உடைந்தது. 14ஆம் எண் 1961 முதல் 2010 வரை, 49 ஆண்டுகள் காரணியில்லாமல் நின்றது. அதே 2010இல் 22ஆம் எண்ணுக்கும் 35 இலக்கக் காரணி ஒன்று அகப்பட்டது. பகு எண் என்று தெரிந்தும் காரணி தெரியாத ஃபெர்மா எண்கள் என்ற பட்டியலில் இப்போது மிஞ்சியிருப்பவை 20, 24 என்ற இரண்டு மட்டுமே.

கணினிகள் இவ்வளவு வளர்ந்தும் ஏன் முடியவில்லை? இணையப் பாதுகாப்புக்கு அடித்தளமான ஆர்எஸ்ஏ வகை எண்களில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி மறைத்துவைப்பார்கள். அப்படி 250 இலக்கங்கள் கொண்ட ஒன்றை 2020இல் உடைத்தது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. 250 எங்கே, 3,15,653 எங்கே! எண்ணின் மொத்த அளவோடு மோதும் எந்த முறைக்கும் இங்கே வேலையில்லை. உதவக்கூடியது ஹென்றிக் லென்ஸ்ட்ரா 1987இல் வெளியிட்ட நீள்வட்ட வளைகோட்டு முறை. அது எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மறைந்திருக்கும் காரணியின் அளவே. பத்தாம் ஃபெர்மா எண்ணில் ஒளிந்திருந்த 40 இலக்கக் காரணியை 1995இல் பிரெண்ட் பிடித்தது இந்த முறையால்தான். 20ஆம் எண்ணுக்கு முப்பது, நாற்பது இலக்கத்தில் ஒரு காரணி இருந்தால் நம்பிக்கை உண்டு. மிகச் சிறிய காரணியே ஆயிரம் இலக்கங்கள் கொண்டது என்றால், இன்று தெரிந்த எந்த வழியிலும் அதைத் தொட முடியாது. அப்படி இருக்கக்கூடாது என்று சொல்லும் விதி எதுவும் கிடையாது.

25 முதல் 32 வரையுள்ள ஃபெர்மா எண்களுக்குச் சிறிய காரணிகள் முன்பே கிடைத்துவிட்டதால் அங்கே பெப்பன் சோதனைக்கே அவசியம் வரவில்லை. 33ஆம் எண் பகு எண்ணா பகா எண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. அதற்கு ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள், சோதனை கேட்பது 858 கோடிக்கும் மேற்பட்ட வர்க்கங்கள். சின்னக் காரணி ஒன்று அகப்பட்டால்தான் அதற்கு விமோசனம்.

20ஆம் எண்ணுக்கு ஒரு காரணி கிடைத்தால் அதைச் சரிபார்க்க மீக்கணினி தேவைப்படாது. 3,15,653 இலக்கங்களை எழுதிவைத்துக்கொண்டு வகுக்கவும் வேண்டாம். 2இல் தொடங்கி, 20 முறை மட்டும் வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அந்தக் காரணியால் வகுத்து மீதியை எடுத்தால் போதும். கடைசி மீதி −1 என்றால் காரணி உண்மை. 641ஐ ஐந்தாம் எண்ணுக்கு இப்படிச் சோதித்தால் 2, 4, 16, 256, 154, 640 என்று ஐந்தே படிகளில் முடிந்துவிடும். 20ஆம் எண்ணின் காரணி முப்பது இலக்கத்தில் அமைந்தால், பொறுமையுள்ள ஒரு பிளஸ் டூ மாணவி காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டே அதைச் செய்துவிடலாம்.